ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கிளமெண்ட்

மொபைலில் இடம் இல்லாமல் போவது யாருக்கும் நடக்கக்கூடியது. ஆசையாக ஒரு படம் எடுக்கப் போவோம். சேமிக்க இடமில்லை என்று எழுத்து வரும். எதிரே கேக் வெட்டுகிறவர்கள் கத்தியைத் தூக்கியபடியே நிற்பார்கள். அந்த நேரத்தில் மனிதர்கள் கைக்கு வந்ததை அழித்துவிடுவார்கள். நான் செய்ததை இங்கிருந்து தொடங்கினால்தான் சரியாகப் புரியும்.

இதை எழுதித் தரச் சொன்னவர் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் நலச் சங்கச் செயலாளர் ஏசுபாதம் அண்ணன். "வாயால சொல்லாதடா சம்பங்கி. நீ வாயால சொன்னா எல்லாம் நியாயமாவே கீது. எழுதிக் குடு. நாங்க கண்ணாடி போட்டுகினு பொறுமையா படிச்சிக்கிறோம்" என்றார். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று கமிட்டி இதைப் படித்த பிறகு முடிவு செய்யுமாம். அது அவர்கள் விருப்பம். என் தரப்பில் மறைக்க ஒன்றுமில்லை.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் செய்யும் ஆப்களில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. மாரிக்குப்பத்தில் காலை ட்ரெயின் ஏறினால் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், பூண்டு உரிப்பார்கள். நான் லைனுக்காக ஒரு ஆப் செய்தேன்.

அதற்குக் காரணம் மரியகுழந்தை அக்கா. பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றும் நேரத்தில் அவர் மொபைல் நிறைந்துவிட்டது. பதற்றத்தில் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், கண் ஆபரேஷன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படம் எடுத்தார். மறுநாள் ரேஷன் கடையில் நின்று அழுதார். நான் அவருடைய மொபைலை வாங்கிப் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் குட் மார்னிங் ரோஜாப்பூக்கள் அப்படியே இருந்தன.

"இதை அழிச்சிருக்கலாமே அக்கா" என்றேன்.

"அது ஜனங்க ஆசையா அனுப்புனது சம்பங்கி. ரேஷன் கார்டை யாரு ஆசையா அனுப்புனாங்க?"

ஆப்புக்கு 'நம்ம லைன்' என்று பெயர் வைத்தேன். அது செய்யும் வேலை எளிது. மொபைலில் உள்ள படம், வீடியோ, பத்திரம் எல்லாவற்றையும் கிளவுடில் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பிவிடும். போய்ச் சேர்ந்ததும் மொபைலில் இருக்கும் பிரதியை நீக்கிவிடும். நகத்தளவு நிழல் மட்டும் அங்கே தங்கும். நிழலைத் தொட்டால் முழுப்படம் இறங்கி வரும். யாருடைய மொபைலும் நிறையாது. மொபைல் தொலைந்தாலும், கிணற்றில் விழுந்தாலும், புது மொபைலில் எண்ணைப் போட்டால் எல்லாம் திரும்பி வரும்.

சங்கக் கூட்டத்தில் நான் இதை விளக்கியபோது முதலில் புரிந்துகொண்டவர் ஏசுபாதம் அண்ணன்தான். அவர் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆட்களை ஏற்றிய கேஜை, அதாவது இரும்புக் கூண்டை, ஷாஃப்ட் குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலையாக இருந்தது. "அப்போ கேஜு கீழ போவுது, பெல் அடிச்சா மேல வருது. அவ்ளோதானே? ஒரே ஒரு கேள்வி. எஞ்சின் ரூம்ல யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்போ சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

நூற்றிருபத்தெட்டு வீடுகளில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஆப்பைப் போட்டுக்கொண்டன. எல்லாக் கோப்புகளையும் நிர்வகிக்கவும் மாற்றவும் நீக்கவும் நிர்வாகிக்கு அனுமதி உண்டு என்று முதல் பக்கத்திலேயே தமிழில் எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை. இது என் குற்றமில்லை என்பதைக் கமிட்டி ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

இனி கிளமெண்ட் பற்றி.

கிளமெண்ட் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வைத்திருந்தவர். காதுகுத்து, கல்யாணம், மாதா திருவிழா, மாரியம்மன் கூழ் ஊற்றுதல், சாவு, கருமாதி, எல்லாவற்றுக்கும் அவர்தான். என் வயதுக்காரர். நல்ல மனிதர். இதை நான் கட்டாயத்துக்காக எழுதவில்லை. அவரைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கக் காத்திருந்தும் கேட்டதில்லை. சாவு வீட்டில் மைக் கட்டிவிட்டுப் பாடையையும் தூக்குவார். கல்யாணத்தில் விளக்கு மாட்டிவிட்டு ரசம் வாளியையும் தூக்குவார். ஆப்பில் அனுமதிப் பக்கம் வந்ததும், படிக்காமலே சரி என்பதை அழுத்தியவர்களில் அவர்தான் முதல் ஆள். "நீ போட்டது தானே சம்பங்கி. படிக்கறதுக்கு இன்னா கீது?" என்றார்.

இரண்டாவது வருடம் கிளவுடில் எங்களுக்கு ஒதுக்கிய அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு நிறைந்துவிட்டது. பொறுப்பில் இருப்பவன் சும்மா இருக்க முடியாது. முதலில் குட் மார்னிங் படங்களை எடுத்தேன். நாற்பத்தோராயிரம் ரோஜா, மயில், சூரிய உதயம். ட்ரெயின் மாலூர் தாண்டுவதற்குள் போய்விட்டன. பயந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். யாரும் கேட்கவில்லை. மரியகுழந்தை அக்காவுக்கு மறுநாள் காலை புதிய ரோஜாக்கள் வந்துவிட்டன.

அடுத்து மங்கலான படங்கள். அதன்பிறகு ஒரே காட்சியை ஏழெட்டு முறை எடுத்தவை. அவற்றையும் யாரும் கேட்கவில்லை. ஜனங்கள் ஒன்றைப் பத்திரமாக வைப்பதே அதைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஒரே மாதிரிப் படங்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்க முகம் பிரிக்கும் மென்பொருள் ஒன்றைச் சேர்த்தேன். அது எல்லாப் படங்களையும் பார்த்து, யார் முகம் எத்தனை படத்தில் இருக்கிறது என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும். அதற்குப் பெயர் தெரியாது. ஒரு வட்டத்துக்குள் முகம், கீழே எண்ணிக்கை.

முதல் வட்டத்தில் கிளமெண்ட். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.

இரண்டாவது மரியகுழந்தை அக்கா, அறுநூற்றுப் பன்னிரண்டு. அதில் பாதி அவரே கை தவறி எடுத்துக்கொண்ட செல்ஃபி. பிறகு புதுமணப்பெண்கள், கைக்குழந்தைகள், பங்குத் தந்தை. நான் உருட்டிக்கொண்டே போனேன். கோவிலில் இருக்கும் சவேரியார் சொரூபத்தையும் மென்பொருள் ஓர் ஆளாக எண்ணியிருந்தது. எண்பத்தொன்று. அதற்குக் கீழே நான். எழுபத்தேழு.

அந்த எழுபத்தேழில் ஐம்பத்தெட்டு என் கல்யாணத்தில் எடுத்தவை. ஆப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக என் கல்யாண ஆல்பத்தைத்தான் முதலில் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தேன். என் கல்யாணத்தில் கிளமெண்ட் எத்தனை என்று பார்த்தேன். அறுபத்தொன்று.

எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

கமிட்டி ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரே சிரிப்பு, ஒரே கோடு போட்ட சட்டை, கழுத்தில் சுற்றிய ஒரே ஒயர், ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று முறை. இடப்பற்றாக்குறை உள்ள ஒரு கிளவுடில் இது என்ன? இதை விடத் தெளிவான இரட்டிப்பு வேறு கிடையாது. ஓர் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பத்துப் படம் போதும். நான் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் அவர் யாருக்கோ பின்னால் மூன்றாவது ஆளாக நிற்கும் படங்களை நீக்கினேன். முப்பது. யாரும் கேட்கவில்லை. ஆனால் சில படங்களை அப்படி நீக்க முடியாது. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் வாயெல்லாம் பல்லாக அவர் நிற்பார். படத்தை எடுத்தால் தாலியும் போய்விடும். அதற்கு ஆளை மட்டும் துடைத்து எடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. விரலால் ஆள்மேல் தடவினால், அவர் போய்விடுவார். அவர் நின்ற இடத்தைச் சுற்றி உள்ளதைப் பார்த்து அதுவே எதையாவது நிரப்பிக்கொள்ளும். சுவர் இருந்தால் சுவர். பந்தல் இருந்தால் பந்தல்.

மரியகுழந்தை அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் அவரைத் தடவியபோது அங்கே ஒரு வாழைமரம் முளைத்தது. அக்கா ஒரு நாள் அந்தப் படத்தைத் திறந்து எனக்கே காட்டினார். "நாங்க ரெண்டு மரம் தான் கட்னோம். மூணாவதை யாரோ புண்ணியவான் கட்டிக்கீறான் பாரு. நல்லா தழதழன்னு கீது" என்றார். நானும் நன்றாக இருப்பதாகச் சொன்னேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

தினமும் பத்து, பதினைந்து. சீட்டாடுகிறவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதிரே உட்காருபவர்கள் நான் ஏதோ விளையாட்டு விளையாடுவதாக நினைத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "எத்தினியாவது லெவல் போய்கினு கீற தம்பி?" என்று கேட்டார். எழுநூறு என்றேன். "அடேங்கப்பா" என்றார்.

கிளமெண்ட்டுக்கே தெரியாதா என்று கமிட்டி கேட்கலாம். தெரியாது. அவர் எப்போதும் ஏணிமேல் இருப்பவர். தன் படத்தைத் தானே பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. வாட்ஸப்பில்கூடத் தன் முகத்துக்குப் பதில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத்தான் வைத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை வந்தார். அவருக்கும் ஐடாவுக்கும் நடந்த கல்யாணத்தின் ஆல்பம், கூரை ஷீட்டு ஒழுகி ஊறிப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து ஸ்கேன் செய்து ஆப்பில் ஏற்றிக் கொடுத்தவன் நான். "இனிமே தண்ணியும் படாது, கரையானும் அரிக்காது" என்று ஐடாவிடம் சொன்னவனும் நான்தான். அதை நம்பி அவள் அந்த ஊறிய ஆல்பத்தைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். நான் சொன்னபோது அது உண்மைதான். தொள்ளாயிரத்துச் சொச்சம் முடிந்து அந்தப் படங்களின் முறை வந்தபோதுதான் நிலைமை மாறியிருந்தது. சோதனைக்காக ஒரே ஒரு படத்தை நீக்கியிருந்தேன். அன்று பார்த்து அவர் அதைத் திறந்திருக்கிறார்.

"இன்னா சம்பங்கி, நெட்டு படுத்துக்கிச்சா? எங்க கல்யாணப் படத்தைத் தொட்டா வட்டம் சுத்திகினே கீது" என்றார்.

"சிக்னல் இல்ல. ரெண்டு நாள்ல வந்துடும்."

"சரி வுடு. ஐடா கேட்டுது. நான் பாக்கறதுக்கு இன்னா, தெனம் நேர்லயே பாக்கறேனே" என்று சிரித்தார். போகும்போது எங்கள் வீட்டு வாசல் டியூப் லைட் மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். ஏணிகூட இல்லாமல் ஜன்னல் கம்பியில் ஏறி, ஸ்டார்ட்டரைத் திருகிச் சரிசெய்தார். என் மனைவி பாக்யலட்சுமி டீ குடிக்கச் சொன்னதற்கு இன்னொரு நாள் என்றார்.

மறுநாள் காலை அவருடைய கணக்கிலும் ஐடாவுடைய கணக்கிலும் மீதி இருந்த இருநூற்றாறு படங்களையும் மொத்தமாக எடுத்தேன். கல்யாணம், மகள் சோனியாவின் ஞானஸ்நானம், பிறந்த நாள்கள், வேளாங்கண்ணி போனது. அவற்றில் தடவி நிரப்ப எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் அவரே இருந்தார். முதல் வட்டத்தின் கீழே எண்ணிக்கை பூஜ்யம் ஆனதும் அந்த வட்டமே மறைந்துவிட்டது. மீதி எல்லாரும் ஓர் இடம் மேலே வந்தார்கள்.

ஒன்பது நாள் கழித்துக் கிளமெண்ட் இறந்துபோனார்.

இதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு லைட் கட்டப் போனவர், மார்பைப் பிடித்துக்கொண்டு ஏணியடியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. அன்று நான் லீவு போட்டேன். சவப்பெட்டிக்குத் தோளும் கொடுத்தேன். லைனில் மைக் கட்ட ஆளில்லாத முதல் சாவு அதுதான்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் பேனர்தான் வர வேண்டும். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, ஆளுயரப் படம். பேனர் அடிக்கும் கோவிந்தன் படம் கேட்டு ஆள் அனுப்பினான். ஐடா மொபைலைத் திறந்தாள். படங்களின் நிழல்கூட வெள்ளைக் கட்டமாகியிருந்தது, தொட்டால் வட்டம் சுற்றியது. அடுத்த வீட்டு மொபைலை வாங்கினாள். அதில் விசேஷங்கள் எல்லாம் இருந்தன. விளக்குகள் எரிந்தன. விளக்குப் போட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். எல்லோரும் "எங்க கிட்ட நெறைய கீதே" என்று சொல்லிக்கொண்டே மொபைலைத் திறந்தார்கள். திறந்தவர்கள் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஐடா என்னிடம் வந்தாள். "சம்பங்கிண்ணா, அவரு படம் ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணா. பேனருக்கு கேக்கறாங்க" என்றாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு சோனியா நின்றிருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது. "அங்கிள், டாடி இன்னும் லோடிங்ல கீறாரா?" என்று கேட்டது.

நான் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன்.

கிளவுடில் ஒரு கோப்பை நீக்கினால் அது உடனே அழியாது. குப்பைத் தொட்டி என்று ஒன்று உண்டு. முப்பது நாள் அதில் இருக்கும். அதற்குள் மீட்டெடு என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி அவரவர் மொபைலுக்குப் போய்விடும். முன்பு எடுத்தவை பல போய்விட்டிருந்தன. கடைசியாக எடுத்த இருநூற்றாறும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும், இன்னும் 21 நாள் என்று எழுதியிருந்தது.

நான் வெளியே வந்து, சர்வரில் கோளாறு, பார்க்கிறேன் என்றேன்.

ஏன் அழுத்தவில்லை என்பதுதான் கமிட்டியின் கேள்வியாக இருக்கும். காரணம் எளிது. இருநூற்றாறு படமும் ஒரே நிமிடத்தில் திரும்பி வந்தால், இத்தனை நாள் எங்கே போயிருந்தன என்று கேட்பார்கள். சாவு வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று நினைத்தேன். நான் ஐடாவின் நிம்மதியை யோசித்தேன்.

கடைசியில் ஆதார் கார்டில் இருந்த படத்தைப் பேனருக்குக் கொடுத்தார்கள். ஆதார் படத்தில் யாரும் தம்மைப் போல இருப்பதில்லை என்பது தெரிந்ததே. கோவிந்தன், "தபால் தலை அளவு கீது. ஆறடிக்கு இழுத்தா கட்டம் கட்டமாத்தான் வரும்" என்று முதலிலேயே சொன்னான். அப்படியே வந்தது. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் பேனரைக் கட்டியதும் போகிறவர்கள் நின்று பார்த்து, "யாருப்பா செத்தது?" என்று கேட்டுவிட்டு, பெயரைப் படித்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். முகத்தைப் பார்த்து யாரும் அழவில்லை. கட்டங்களைப் பார்த்து எப்படி அழுவது? சவப்பெட்டி மூடும்வரை சோனியாவைத் தூக்கி, "நல்லா பாத்துக்கோ, நல்லா பாத்துக்கோ" என்று ஐடா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஐடா தினமும் கேட்டாள். நான் தினமும் பார்த்தேன். இதில் பொய் இல்லை. காலை ட்ரெயினில் உட்கார்ந்ததும் குப்பைத் தொட்டியைத் திறப்பேன். இன்னும் 17 நாள். இன்னும் 12 நாள். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வேளாங்கண்ணிக் கடலில் அவர் சோனியாவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று. அலை வந்து அவர் லுங்கியை இழுக்க, ஒரு கையால் லுங்கியையும் ஒரு கையால் குழந்தையையும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். நல்ல படம். அந்த மூன்று வாரமும் கிளமெண்ட்டை என்னளவுக்குப் பார்த்தவர் உலகத்தில் யாரும் கிடையாது.

இதற்கு நடுவே ஒரு சிறு தவறைக் கண்டுபிடித்தேன். மரியகுழந்தை அக்காவின் தங்கை மகள் கல்யாண வீடியோவில், காலியான மேடையைக் காட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "ஹலோ, செக், செக். ஏசுபாதம் அண்ணா, கேக்குதா?" என்று கேட்கும். கிளமெண்ட்டின் குரல். முகம் தேடும் மென்பொருளுக்குக் காது இல்லை. அது என் கவனக்குறைவு. நான் அதை எடுப்பதற்குள் ஐடா அந்த வீடியோவைக் கண்டுபிடித்து, தன் தம்பியின் மொபைலுக்கு அனுப்பிவிட்டாள். சாயங்காலம் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போனால், செக் செக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கடைசி நாளும் வந்தது. இன்னும் 1 நாள் என்று இருந்தது. அன்று காலை ட்ரெயின் ஏறப்போகும்போது ஐடா எதிரே வந்தாள். "அண்ணா, எனக்கு ஒண்ணு தோணுது. அவரு எங்க கூட இருந்தாரா, நானே நெனச்சிகினு கீறேனா? ஒருத்தர் மொபைல்ல கூட இல்லியே" என்றாள். நான், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று ஆறுதல் சொன்னேன். ட்ரெயினில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருநூற்றாறையும் ஒருமுறை முழுக்கப் பார்த்து முடித்தேன். மீட்டெடு என்ற பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. பங்காருப்பேட்டையில் சிக்னலும் நன்றாக இருந்தது. நான் மொபைலைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் திறந்தேன். குப்பைத் தொட்டி காலியாக உள்ளது என்று இருந்தது.

மீதியைக் கமிட்டி அறியும். முப்பதாம் நாள் பூசைக்குப் போகும்போது பாக்யலட்சுமிக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கல்யாணத்தில் கிளமெண்ட் இருந்தாரே, ஆல்பத்தைக் கொண்டுபோய் ஐடாவிடம் காட்டலாமே என்று பீரோவைத் திறந்து எடுத்துப்போனாள். என்னைக் கேட்கவில்லை. அந்த ஆல்பத்தை நானே மறந்துபோயிருந்தேன். ஐடாவும் அவளும் மரியகுழந்தை அக்காவும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியிருக்கிறார்கள். அறுபத்தொரு படத்தில் கிளமெண்ட். சோனியா ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணியிருக்கிறது. அப்போது பாக்யலட்சுமி, இதே படங்கள் ஆப்பிலும் இருக்க வேண்டுமே என்று மொபைலைத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பாக்யலட்சுமிதான் பேசினாள். "ஏங்க, நம்ம மண்டபத்துல தூணே கெடையாது. இந்தத் தூணு எங்கேர்ந்து வந்துச்சு?"

மரியகுழந்தை அக்கா மெதுவாக, "அப்போ அந்த வாழைமரம்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

ஐடா சத்தம் போடவில்லை. "அவரு உங்களுக்கு இன்னாண்ணா பண்ணாரு?" என்று மட்டும் கேட்டாள். நான் அவளுக்கு ஒதுக்கீட்டு அளவையும், தொண்ணூற்று நான்கு சதவீதத்தையும், இரட்டிப்புக் கோப்புகள் என்றால் என்ன என்பதையும் விளக்கினேன். கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். அவளுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை.

அன்று முதல் பாக்யலட்சுமி தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஆல்பத்தையும் எடுத்துப்போய்விட்டாள்.

கடவுச்சொற்களை எல்லாம் தனித்தாளில் எழுதி ஏசுபாதம் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கிளமெண்ட் தொடர்பான ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று படங்களையும் நீக்கியது, மாற்றியது, மீட்க முடிந்த நாளில் மீட்காமல் விட்டது, எல்லாவற்றையும் செய்தவன் நான் ஒருவனே. வேறு யாருக்கும் தெரியாது. லைன்காரர்கள் இப்போது பெங்களூரிலும் ஓசூரிலும் உள்ள சொந்தக்காரர்களிடமிருந்து கிளமெண்ட் இருக்கும் படங்களைச் சேகரித்து வருகிறார்கள். நூற்றுப் பதினெட்டு சேர்ந்திருப்பதாகக் கேள்வி. நல்ல காரியம். போலீஸ் என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நேற்று கடைத்தெருவில் ஆதார் படத்தை எடுத்துவிட்டுப் புதுப் பேனர் கட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்து வரும்போது பார்த்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் முப்பத்திரண்டாவது பக்கத்துப் படம். கிளமெண்ட் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு வாய் நிறையச் சிரிக்கிறார். கோவிந்தன் அவரை மட்டும் பெரிதாக்கி, மற்றதை வெட்டிவிட்டான். இடது ஓரத்தில் ஒரு காதும் மாலையில் பாதியும் மட்டும் தெரிகின்றன. யாருடைய காது என்று போகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

பேனரில் அகலம் போதுமான அளவு இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். அடுத்த முறை அடிக்கும்போது படத்தை முழுதாகப் போடும்படி கமிட்டியைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுபத்தேழு படங்களில் நான் சிரித்துக்கொண்டிருப்பது அது ஒன்றில்தான்.